கூடையில்லாத படம்

எங்கள் அப்பாயி 2023ஆம் ஆண்டு ஆனி மாதத்து மழை நாளொன்றிலே கண்ணை மூடினாள். துக்க வீட்டு வேலைகளை உறவினர் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொண்டனர். படித்தவன் என்ற காரணத்தால் என் பங்குக்கு வந்தது மிக எளிதான வேலை. மரண அறிவித்தலில் அச்சிடவும் மாலை சூட்டி வைக்கவும் அப்பாயியின் படமொன்றைத் தேடிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கைத்தொலைபேசியில் அன்று ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. லயத்து இஸ்தோப்பில் குந்தியிருந்து அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பாடசாலை விளையாட்டுப் போட்டி, உயர்தர வகுப்பு மாணவரின் சுற்றுலா, கரும்பலகையில் நான் எழுதிய குறிப்புகள், உண்ட சோறு, ஒரே அந்திவானம் பதினேழு தடவை. அப்பாயி அவற்றில் இல்லாமலில்லை. பிள்ளையின் பிறந்தநாட் கேக்குக்குப் பின்னால் பாதி முகமாக இருந்தாள். கதவு நிலையருகே மங்கலாக இருந்தாள். யாரோ ஒருவருடைய தோளுக்கு அப்பால் வெற்றிலை இடிக்கும் கையாக இருந்தாள். அவளையே நோக்கி, அவளுக்காகவே எடுத்த படமென்று ஒன்றுகூட இல்லை.

கடைசியில் கைகொடுத்தது அவளுடைய அடையாள அட்டை. பிறந்த மண்ணிலேயே நாடற்றவளாக வாழ்நாளின் முக்காற் பங்கைக் கழித்தவளுக்கு 2003ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னரே அந்த அட்டை கிடைத்தது. அதிலிருந்த, தபால்தலையளவான கறுப்பு வெள்ளைப் படத்தை நகரத்துப் பழைய ஸ்டூடியோ முதலாளி பெருப்பித்துத் தந்தார். அதிகாரத்துக்கு முன்னால் நிற்கும் அச்சத்தோடு விழித்த அந்த முகமே இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கின்றது.

இதில் என்னை வெகுநாள் உறுத்திய செய்தி வேறொன்று. அப்பாயி படமெடுக்கப்படாதவள் அல்லள். நாற்பது ஆண்டுகளாக அவள் கொழுந்து பறித்த மலை, பெருந்தெருவின் ஓரத்திலே இருந்தது. வாகனத்தை நிறுத்தி இறங்கி அவளைப் படமெடுத்துச் சென்ற உல்லாசப் பயணிகளுக்குக் கணக்கேயில்லை. கூடையைச் சரிசெய்யுமாறும், தலைத்துணியை இழுத்து விடுமாறும், பல் தெரியச் சிரிக்குமாறும் சைகை காட்டுவார்கள். போகும்போது ஐம்பதோ நூறோ கையில் திணிப்பார்கள். எந்தெந்தக் குளிர்நாட்டு வீடுகளிலோ அவள் பச்சை மலையின் நடுவே சிரித்துக்கொண்டிருக்கக் கூடும். பேரனாகிய என் வீட்டில் அவள் சிரிக்கவில்லை.

பிலிம் சுருளிட்டு எடுக்கும் பழைய கமரா ஒன்றை வாங்க வேண்டுமென்ற எண்ணம் அந்த உறுத்தலிலே பிறந்தது. பழைய பொருள்கள் மீதான மோகம் என்று இதனை எவரும் கொள்ளலாகாது. ஒரு சுருளில் முப்பத்தாறு படங்களே உண்டு, முப்பத்தேழாவது இல்லை. எடுத்ததை உடனே பார்த்து அழித்துவிடவும் வழியில்லை. அந்தக் கட்டுப்பாடு எனக்குத் தேவைப்பட்டது. எண்ணி எடுக்க வேண்டிய நிலை வந்தால், யாரை எடுப்பது, எதற்காக எடுப்பது, எடுத்ததை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விகளையும் எண்ணியாக வேண்டுமல்லவா?

ஆசிரியர் அறையில் இதனைச் சொன்னபோது எங்கள் கணித ஆசிரியர் சிரித்தார். "மாஸ்டர், லயத்துப் பொடியன் கையிலும் இன்றைக்குத் தொலைபேசி இருக்கிறது. கூரை ஒழுகினால் அவனே படமெடுத்து உலகத்துக்குக் காட்டுகிறான். மண் சரிந்தால் காட்டுகிறான். கொழுந்து நிறுக்கும்போது கிலோவை வெட்டினால் அதையும் காட்டுகிறான். நீங்கள் சுருள் வாங்கி, கழுவி, அச்சிட்டு யாருக்குக் காட்டப் போகிறீர்கள்? இது துரைமார் செய்த வேலை" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதை அன்றும் ஒப்புக்கொண்டேன், இன்றும் ஒப்புக்கொள்கிறேன். பிறருடைய கமராவுக்கு முன்னால் மட்டுமே நின்ற ஒரு மக்கட்கூட்டம் தன் கையிலேயே கமராவை ஏந்தியிருப்பது சிறிய மாற்றமன்று. ஆனால் அநீதியைக் காட்டும் படம் வேறு. மனிதரைப் போற்றும் படம் வேறு. முன்னதற்கு வேகம் வேண்டும். தொலைபேசி அதற்கே உரியது. பின்னதற்குப் பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமையைக் கற்பிக்கும் கருவி ஒன்று தேவைப்பட்டது.

கருவியைத் தெரிவதிலேயே அந்தக் கல்வி தொடங்கிவிட்டது. பழைய கமராக்களில் இரு குலங்கள் உண்டு. ஒன்று, பற்றரி இல்லாவிடில் அசையாதது; திரை திறந்து மூடுவதே மின்சுற்றின் தயவில்தான். மற்றது, வில்லும் பற்சக்கரமும் கொண்டு முழுக்க முழுக்க இயந்திர முறையில் இயங்குவது. பற்றரி அதில் ஒளிமானிக்கு மட்டுமே தேவை. முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய மின்சுற்று கெட்டால் திருத்துவோரும் இல்லை, மாற்றுறுப்பும் இல்லை. இந்த அறிவு எனக்கு இலவசமாக வரவில்லை. இணைய விளம்பரமொன்றை நம்பி, பொருளைக் கண்ணாற் காணாமலே இருபத்திரண்டாயிரம் ரூபா அனுப்பி, முதற் குலத்தைச் சேர்ந்த ஒன்றை வரவழைத்தேன். புதிய பற்றரியிட்டும் அது மூச்சுவிடவில்லை. வில்லைக்குள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. விற்றவரின் தொலைபேசியோ அன்றிலிருந்து மௌன விரதம் பூண்டது.

அந்தச் சவத்தை எடுத்துக்கொண்டு, அப்பாயியின் படத்தைப் பெருப்பித்துத் தந்த முதலாளியிடமே போனேன். அது 2024ஆம் ஆண்டு டிசெம்பர் விடுமுறை. எழுபது வயதை அண்டிய மனிதர் அவர். ஸ்டூடியோவின் முன்பகுதி இப்போது போட்டோப் பிரதியெடுக்கும் கடையாகிவிட்டது. பின்பகுதியில் திரைச்சீலையும் மரக்கதிரையும் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "இது நம்ம ஊர் மழைக்குப் பொறந்த வியாதி தம்பி" என்றார். "ஈரம் புடிச்சா கண்ணாடியையே தின்னுரும். நான் அந்தக் காலத்துல தகரப் பெட்டிக்குள்ள ஒரு பல்ப எரியவிட்டு அதுக்குள்ளதான் வில்லைய வைப்பேன். புள்ளைய பாத்த மாதிரி பாக்கணும்."

பிறகு உள்ளே போய், துணியிற் சுற்றிய ஒரு கமராவைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். பென்டாக்ஸ் கே1000. யப்பானிய அசாகி நிறுவனம் 1976ஆம் ஆண்டில் வெளியிட்டு, 1997 வரை ஏறக்குறைய மாற்றமேயின்றிச் செய்துவந்த கமரா அது. உலகெங்கும் புகைப்படக்கலை பயிலும் மாணவருக்கு ஆசிரியர்கள் பரிந்துரைத்த கமரா என்பது அதன் புகழ். தானாகப் படமெடுக்கும் வசதியில்லை. குவியத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியில்லை. ஒளிமானியை நிறுத்தும் ஆளிகூட இல்லை. வில்லைக்கு மூடி போட்டால் ஒளிமானி உறங்கும். மூடியைக் கழற்றினால் விழிக்கும். இல்லாதவற்றின் பட்டியல் நீளநீள எனக்கு அதன்மேல் விருப்பம் கூடியது.

வாங்குமுன் சோதிக்கும் முறையை அவரே கற்பித்தார். வில்லையின் துவாரத்தை முழுவதும் திறந்து, பின்புறத்திலிருந்து டோர்ச் அடித்து, பூஞ்சண இழையோ பால்மங்கலோ உண்டா என்று பார்க்க வேண்டும். சுருளிடும் பின்கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஆயிரத்திலொரு விநாடி வேகத்தில் திரையை விட்டுப் பார்க்க வேண்டும். சட்டத்தின் ஒரு பக்கம் இருண்டு தெரிந்தால் திரை களைத்துவிட்டது என்று பொருள். ஒரு விநாடி வேகத்தில் வைத்துக் காதைக் கொடுக்க வேண்டும். இடையில் திக்கினால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது. கதவின் விளிம்பிலுள்ள கறுப்புப் பஞ்சு விரலில் பிசினாக ஒட்டினால் அதனை மாற்ற வேண்டும். இல்லாவிடில் வெளிச்சம் கசிந்து படம் பாழாகும். ஒளிமானி சரிதானா என்று அறிய என் தொலைபேசியின் அளவையே துணைகொண்டோம். கணித ஆசிரியர் அருகிலிருந்தால் அதற்கும் சிரித்திருப்பார்.

"எவ்வளவு ஐயா?" என்று கேட்டேன்.

"முப்பதாயிரம் குடுங்க. இதுல எத்தனையோ கல்யாணம் எடுத்தாச்சு. சும்மா கெடந்து துருப்புடிக்கிறதுக்கு யாராச்சும் எடுத்தா நல்லதுதான்."

பணத்தை எண்ணிக் கொடுத்தபோதுதான் அவர் தம் பழைய கதையைத் தொடங்கினார். எழுபதுகளில் அவர் அந்த ஸ்டூடியோவுக்கு எடுபிடிப் பையனாக வந்து சேர்ந்தவர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பமிட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழரில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டோருக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது; கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டியிருந்தது. பலருக்கு அதுவே வாழ்க்கையில் எடுத்த முதற் படம்.

"விடிஞ்சா போதும் தம்பி, வாசல்ல வரிசை. குடும்பம் குடும்பமா வருவாங்க. கடவுச்சீட்டுப் படம் எடுத்து முடிஞ்சதும், எல்லாரையும் சேத்து ஒன்னு எடுங்கம்பாங்க. போறவுங்க, இருக்கிறவுங்க எல்லாம் ஒன்னா நின்னு ஒரு படம். அதுக்கு அட்வான்சும் குடுப்பாங்க. ஆனா கழுவி வைக்கிறதுக்குள்ள கப்பல் தேதி வந்துரும். வந்து எடுத்துக்காமலே போயிருவாங்க."

மேசையின் கீழிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்துத் திறந்தார். உள்ளே காக்கி உறைகள். ஒவ்வோர் உறையின் மேலும் ஓர் எண் மட்டும். அந்த எண்களுக்குரிய பெயர்கள் எழுதிய புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டதாம்.

அப்பாயியின் தங்கை ஒருத்தி அப்படிப் போனவள். மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்த அந்தப் புகைவண்டியில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலேறினாள். கோச்சி நகர்ந்தபோது இருவரும் பிடித்திருந்த கையை யார் பிரித்துவிட்டார்கள் என்பதை அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பூப்போட்ட சேலைகள், இறுக எண்ணெய் வைத்து வாரிய தலைகள், கமராவைக் கண்டு மிரண்ட குழந்தைகள். இவர்களில் எவள் எங்கள் சின்ன அப்பாயி? இருக்கிறாளா, இல்லையா? அடையாளம் சொல்லக்கூடியவள் ஒன்றரை ஆண்டுக்கு முன்னரே போய்விட்டாள். உறைகளை இருந்தபடியே அடுக்கி மூடினேன்.

ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1863இல், நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவோடு தொடங்கி, புகைப்பட வரலாற்றில் அழியா இடம் பெற்றவர் அவர். டென்னிசன், டார்வின், ஹெர்ஷல், கார்லைல் ஆகியோரின் முகங்களை உலகம் இன்றும் அவருடைய படங்களின் வழியாகவும் அறிகின்றது. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவர் வேறு யாருமல்லர். கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரனே. இராசகாரியத்தை ஒழித்துப் பெருந்தோட்ட முதலாளியத்துக்குப் பாதை திறந்த 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களில் அவருக்குப் பங்குண்டு. இங்கே கோப்பித் தோட்டங்களும் அவருக்குச் சொந்தமாயிருந்தன. அந்த அம்மையார் இங்கும் சில படங்களை எடுத்தார். களுத்துறைக் குடியானவர்களை, தோட்டத்துத் தொழிலாளரை, பெண்களை எடுத்தார். கண்ணாடித் தட்டில் இரசாயனம் பூசி, அது ஈரம் உலருமுன் படமெடுக்க வேண்டிய காலம் அது. அமர்ந்தோர் நீண்ட நேரம் அசையாதிருக்க வேண்டும். அலட்சியமாக எடுத்த படங்களல்ல அவை. அந்த முகங்களில் கம்பீரம் உண்டு. ஆனால் டென்னிசனுக்குப் பெயருண்டு, இவர்களுக்கு இல்லை. குடியானவர் கூட்டம் என்பதே அவர்களது பெயர். 1879ஆம் ஆண்டு தை மாதத்தில் டிக்கோயாவில் அவர் இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்திலே கணவரின் அருகில் உறங்குகின்றார். அவர் எடுத்த தொழிலாளர் எங்கே உறங்குகின்றனர் என்பதற்குக் கல்லுமில்லை, எழுத்துமில்லை.

ஆகவே, பொறுமை மட்டும் போதாது என்பதை அறிந்தேன். நிதானமாக எடுத்த படமும் பெயரைக் கேளாமற் போகலாம். என் சுருளுக்கு மூன்று விதிகளை வகுத்துக்கொண்டேன். கேட்காமல் எடுப்பதில்லை. எடுத்தவரின் பெயரையும் நாளையும் குறிப்பேட்டில் எழுதாமல் அடுத்த படத்துக்குச் சுருளை நகர்த்துவதில்லை. அச்சிட்ட முதற் பிரதி எடுக்கப்பட்டவருக்கே உரியது.

விதிகளை வகுப்பது எளிது. முதற் சுருளுக்கு நாலாயிரம் ரூபா கொடுத்தேன். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியான தோட்டத் தொழிலாளரின் நாளொன்றுக்கான அடிப்படைச் சம்பளம் ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபா. மூன்று நாட் கொழுந்தை ஒரு சிறு டப்பாவுக்குள் அடைத்துக் கையிலெடுத்தது போன்ற உணர்ச்சி ஏற்பட்டது. அந்த உணர்ச்சியோடு இரண்டு மாதமாக எங்கள் லயத்தாரைப் படமெடுத்தேன். கொழும்புக்கு அனுப்பிக் கழுவியபோது சுருள் முழுவதும் வெறுமை. சுருளின் நுனி பற்சக்கரத்தில் மாட்டாமலே நான் நெம்பை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இழுக்கும்போது இடப்புறக் குமிழ் சுழல்கிறதா என்று பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மாணவருக்குக் கவனத்தைப் பற்றி ஓயாமற் போதிக்கும் ஆசிரியன் நான்!

முப்பத்தாறு முறை "கொஞ்சம் நில்லுங்கள்" என்று சொல்லி நிறுத்தியவர்களிடம் போய், படமில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. வெட்கத்தோடு போனேன். தொங்கல் லயத்துப் பெரியம்மா ஒருவர், "இதுக்கென்னா தம்பி, நாங்க எங்க போயிறப் போறோம்? மறுபடி எடுங்க" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நாங்கள் எங்கே போய்விடப் போகிறோம் என்ற சொல்லோ அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

இரண்டாவது சுருளோடு ஒரு ஞாயிறு காலையில் அந்தப் பெரியம்மாவின் வீட்டுக்கே முதலில் போனேன். பழக்கதோஷத்தால், இஸ்தோப்பில் சாத்தியிருந்த கூடையை எடுத்துக்கொள்ளச் சொல்ல வாயெடுத்தேன். படத்துக்கு அது பொருத்தமாக இருக்குமென்று தோன்றியது. அவர் என் பார்வை போன இடத்தைக் கண்டுகொண்டார்.

"கூடையோட வேணாம் தம்பி. கூடையோட எடுத்த படம் ஊர் உலகமெல்லாம் கெடக்கு."

உள்ளே போய்ப் பெட்டியிலிருந்த சேலையை உடுத்துக்கொண்டு வந்தார். அயல்வீட்டுக் கதிரையைப் போடச் சொல்லி, அதில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரு கைகளையும் மடிமீது வைத்தார்; கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். நாற்பது ஆண்டு என் அப்பாயியைப் படமெடுத்தவர்களின் வரிசையில் ஒரு கணம் நானும் நின்றுவிட்டதை எண்ணி நாணினேன்.

அன்று மலையை மூடுபனி மூடியிருந்தது. ஒளிமானி ஒரு விசித்திரமான நீதிபதி. தன் முன்னால் இருப்பது எதுவாயினும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணித் தீர்ப்பளிக்கும். பின்னால் வெண்பனியும் முன்னால் கரிய முகமும் இருந்தால், பனிக்கே சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி முகத்தை இருளில் தள்ளிவிடும். வர்ணச் சுருளின் கதையும் இத்தகையதே. மேற்கே அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வெள்ளை மாது ஒருத்தியின் படத்தையே நெடுங்காலம் அளவுகோலாக வைத்திருந்தன. அந்தத் தோலுக்கு ஒத்தால் எல்லாத் தோலுக்கும் ஒத்ததென்பது கணக்கு. இதற்கு மாற்று ஒன்றுண்டு. முகத்துக்கு அருகே சென்று, முகத்தின் ஒளியை மட்டும் அளந்து, துவாரத்தையும் வேகத்தையும் பூட்டிக்கொண்டு, பின் விலகி நின்று எடுக்க வேண்டும். நான் அருகே போனேன். அவ்வளவு அருகே நின்று அந்த முகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. நெற்றியில் கூடைக் கயிறு பதித்த தழும்பு தெரிந்தது. பெயரைக் கேட்டேன். தகப்பன் பெயரோடு சேர்த்து முழுப்பெயரையும் சொன்னார். பிறகே ஒரே ஒரு படம் எடுத்தேன்.

இம்முறை படங்கள் விழுந்தன. முப்பத்தாறில் பதினொன்று நான் மதிக்கத்தக்கவை, இரண்டு குவியம் தப்பியவை, மற்றவை சாதாரணமானவை. பெரியம்மாவின் படத்தைப் பெருப்பித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "எங்கம்மா சாடைதான் எனக்கு; இது நாள் வரைக்கும் தெரியாது" என்றார். அவருடைய தாயாருக்குப் படமில்லை. அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அது படத்தின் பின்புறத்தில், நாளோடும் தோட்டத்தின் பெயரோடும், பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. அது இருக்க வேண்டிய இடம் அதுவே.

கணித ஆசிரியர் என் செலவுக் கணக்கைப் போட்டுக் காட்டினார். படமொன்றுக்கு இருநூறு ரூபாவை நெருங்குகிறதாம். இப்படியே போனால் லயம் முழுவதையும் எடுத்து முடிக்க எத்தனை ஆண்டு என்றும் கேட்டார். அவருடைய கணக்கில் பிழையில்லை. ஆனால் சென்ற கிழமை அவரே தம் தாயாரை அழைத்துவரலாமா என்று மெல்லக் கேட்டார். தொலைபேசியில் இருக்குமே என்றேன். "இருக்கிறது, ஆனால் அவவை உட்காரச் சொல்லி நான் ஒருநாளும் எடுக்கவில்லை" என்றார்.

கமரா இப்போது தகரப் பெட்டிக்குள், ஈரம் உறிஞ்சும் மணிகளோடு, பிள்ளைபோல் இருக்கிறது. மூன்றாவது சுருளில் நான்கு படங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றை என் அம்மாவுக்கென்று வைத்திருக்கிறேன். நேற்றுக் கேட்டேன். "இன்னைக்கி வேணாம்டா, தலைக்கு எண்ணெ வைக்கல்ல" என்றாள். காத்திருக்கிறேன், ஆனால் அதிக நாள் காத்திருக்கப் போவதில்லை.